கணக்கெடுக்கப் போனவரையும் கைதியாக்கினார்கள்

ஜார்க்கண்ட் சிறைகளில் மாவோயிஸ்ட் என்ற பெயரில் அடைபட்டுக் கிடக்கும் ஆதிவாசி இளைஞர்கள் யார்? அவர்கள் செய்த குற்றம் என்ன? ஸ்டேன் சாமி கேட்டது இதைத்தான். ராஞ்சியை அடுத்த நாம்குமில் ‘பகாய்ச்சா’ என்ற ஆய்வு மையத்தை நடத்திவந்த அந்தப் பாதிரியார், உடன் இருந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு 102 விசாரணைக் கைதிகளின் விவரங்களைத் திரட்டினார். 2016இல் அறிக்கை வெளிவந்தது. கைதானவர்களில் பெரும்பாலோர் மாதம் 5,000 ரூபாய்கூடப் பார்க்காத குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். சிறு விவசாயிகள், கூலிகள். மாவோயிஸ்ட் அமைப்போடு தங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று ஏறக்குறைய எல்லோருமே சொன்னார்கள். பலருடைய குடும்பங்கள் வக்கீலுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்தே இருந்த கொஞ்சநஞ்சத்தையும் இழந்திருந்தன.

அறிக்கையை அச்சடித்ததோடு அவர் நிற்கவில்லை. இப்படி உள்ளே கிடக்கும் ஏறக்குறைய 3,000 பேருக்காக ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றத்தில் மாநில அரசுக்கு எதிராகவே பொதுநல வழக்குப் போட்டார். விசாரணையைச் சீக்கிரம் முடியுங்கள், அதுவரை சொந்த ஜாமீனில் விடுங்கள், ஏன் இவ்வளவு தாமதம் என்று விசாரிக்க ஓர் ஆணையம் அமையுங்கள் என்பவை அவருடைய கோரிக்கைகள். இவற்றில் சட்டத்துக்குப் புறம்பானது ஒன்றுகூட இல்லை.

2020 அக்டோபர் 8 இரவு தேசியப் புலனாய்வு முகமை, அதாவது என்.ஐ.ஏ., அவரைக் கைது செய்தது. அவருக்கு அப்போது 83 வயது. மாவோயிஸ்ட் என்பதுதான் அவர்மீது சொன்ன குற்றமும். யாருடைய வழக்கை அவர் எடுத்துப் பேசினாரோ அவர்களுடைய வரிசையிலேயே அவரையும் நிறுத்திவிட்டார்கள்.

விரகாலூரிலிருந்து சாய்பாசாவுக்கு

ஸ்டேன் சாமியின் முழுப்பெயர் ஸ்டானிஸ்லாஸ் லூர்துசாமி. 1937 ஏப்ரல் 26 அன்று திருச்சி வட்டாரத்து விரகாலூரில் பிறந்தவர். 1957இல் இயேசு சபையில் சேர்ந்தார். இளம் துறவியாக சிங்பூம் பகுதிக்குப் போன காலத்திலேயே, வாரச் சந்தையில் ஹோ ஆதிவாசிகளை வியாபாரிகள் ஏய்ப்பதை நேரில் பார்த்திருக்கிறார். பின்பு மணிலாவில் இறையியலும் சமூகவியலும் படித்துவிட்டு, பெங்களூரு இந்திய சமூக நிறுவனத்தில் 10 ஆண்டுகளுக்கு மேல் இயக்குநராக இருந்தார். களப்பணிக்கு வரும் இளைஞர்களுக்கு அங்கே பாடம் நடத்தினார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, மறுபடியும் அதே சிங்பூம் பகுதிக்கு, சாய்பாசாவுக்குப் போனார். கைதாகும்வரை ஜார்க்கண்ட் மண்ணை விட்டு அவர் வரவில்லை.

அவர் போய்ச் சேர்ந்த மண் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அவர்மீது ஏன் இவ்வளவு ஆத்திரம் என்பது புரியும். நாட்டின் கனிம வளத்தில் 40 விழுக்காடு ஜார்க்கண்டில் இருக்கிறது என்று அந்த மாநில அரசே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். நிலக்கரி, இரும்பு, யுரேனியம் எல்லாம் அங்கே உண்டு. அவற்றுக்கு மேலே இருப்பது ஆதிவாசிகளின் வயலும் காடும். பிர்சா முண்டா 1899-1900இல் நடத்திய கிளர்ச்சியைத் துப்பாக்கியால் ஒடுக்கிய ஆங்கிலேய அரசே, சில ஆண்டுகளில் இறங்கிவந்து 1908இல் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டத்தைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஆதிவாசி நிலம் வெளியாருக்குக் கைமாறக் கூடாது என்பது அதன் உயிர்நாடி. சந்தால் பர்கானா பகுதிக்கு 1949இல் தனிச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. அதனால் நம் வாசகர்களுக்கு இவை அதிகம் பழக்கமில்லாமல் இருக்கலாம். சுருக்கமாகச் சொன்னால், அந்தப் பகுதிகளில் நிலத்தை எடுப்பதற்கு முன் கிராம சபையைக் கலந்துபேச வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டின் ‘பெசா’ சட்டம். ஐந்தாம் அட்டவணைப் பகுதியில் தனியார் நிறுவனத்துக்கு நிலத்தைக் குத்தகைக்கு விடக் கூடாது என்று 1997இல் சமதா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஸ்டேன் சாமி புதிதாக எந்தத் தத்துவத்தையும் கொண்டுபோகவில்லை. இந்தச் சட்டங்களை எழுத்தில் இருப்பதுபோலவே நடைமுறைப்படுத்துங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார், எழுதினார். ஆதிவாசிகளுக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னார். அரசுக்கு இடைஞ்சலாக இருந்தது இதுதான்.

திருத்தமும் நில வங்கியும்

2016இல் ரகுவர் தாஸ் தலைமையிலான பா.ஜ.க. அரசு அந்த இரண்டு குத்தகைச் சட்டங்களிலும் கைவைத்தது. ஆதிவாசியின் விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற வழிசெய்யும் திருத்தங்கள் அவை. மாநிலமே கொதித்தது. அந்த அக்டோபரில், ராஞ்சியில் நடந்த எதிர்ப்புப் பேரணிக்குக் கிளம்பிய மக்களைக் கூண்டி மாவட்டத்தில் மறித்த போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியதில் ஓர் ஆதிவாசி இறந்தார். எதிர்க்கட்சிகளின் கூச்சலுக்கு நடுவே நவம்பரில் சட்டமன்றத்தில் திருத்தங்கள் நிறைவேறின. ஆனால் அப்போது ஆளுநராக இருந்தவர் ஒப்புதல் தராமல் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். 2017 ஆகஸ்டில் அரசு பின்வாங்கியது. அந்த ஆளுநர், இன்றைய குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு. ஸ்டேன் சாமியும் அவரைப் போன்றவர்களும் எழுப்பிய ஆட்சேபணையில் நியாயம் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

திருத்தம் போனாலும் நில வங்கி போகவில்லை. ஊர்ப் பொதுவில் இருக்கும் நிலம், நம் பக்கத்தில் மேய்ச்சல் புறம்போக்கு, மந்தைவெளி, தோப்பு என்போமே, அப்படிப்பட்ட நிலத்தையெல்லாம் கணினியில் ஏற்றி, தொழில் தொடங்க வருவோருக்குத் தயாராக இருப்பதாக அரசு காட்டியது. அப்படிச் சேர்த்தது 20 லட்சம் ஏக்கருக்கு மேல். ஆடுமாடு மேய்வதும், விறகு பொறுக்குவதும், மூதாதையரைக் கும்பிடுவதும் அந்த நிலத்தில்தான். எந்தக் கிராம சபையையும் கேட்கவில்லை. இந்த நில வங்கியைப் பற்றி ஸ்டேன் சாமி விடாமல் எழுதினார். ஒரு தனி விவசாயியின் பட்டா நிலத்தை எடுத்தால் அவர் கோர்ட்டுக்குப் போவார். ஊர்ப் பொது நிலத்தை ஏட்டில் மட்டும் எடுத்தால் ஊருக்குத் தெரியவே பல வருடம் ஆகும். அதைத் தெரியப்படுத்துகிறவரை எப்படி விட்டுவைப்பார்கள்?

2017-18இல் பத்தல்கடி இயக்கம் கூண்டி மாவட்டத்து ஊர்களில் பரவியது. கல் நடுவது முண்டா ஆதிவாசிகளின் தொன்றுதொட்ட வழக்கம். இறந்தவருக்கு நடுவார்கள், எல்லைக்கு நடுவார்கள். இந்த முறை நட்ட கற்களில் ஐந்தாம் அட்டவணையையும் கிராம சபையின் அதிகாரத்தையும் செதுக்கியிருந்தார்கள். அதற்குத் தேசத் துரோக வழக்கு! பெயர் தெரியாதவர்கள் என்று எழுதி ஆயிரக்கணக்கானோரை முதல் தகவல் அறிக்கைகளில் சேர்த்தார்கள். 2018 ஜூலையில் ஸ்டேன் சாமி உள்ளிட்ட 20 பேர்மீது ஃபேஸ்புக் பதிவுகளைக் காட்டித் தேசத் துரோக வழக்குப் போட்டார்கள். 2019 டிசம்பரில் ஹேமந்த் சோரன் முதல்வரானபோது, முதல் அமைச்சரவைக் கூட்டத்திலேயே பத்தல்கடி வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். ஆனால் அதற்குள் வேறொரு வலை விரித்தாகிவிட்டது.

உறிஞ்சுகுழல் கேட்ட கைதி

2018 ஜனவரி 1 அன்று மகாராஷ்டிரத்தின் பீமா கோரேகானில் கூடிய தலித் மக்கள்மீது வன்முறை நடந்தது. முந்தைய நாள் புணேயில் நடந்த எல்கார் பரிஷத் கூட்டமே காரணம், அதன் பின்னால் மாவோயிஸ்ட் சதி இருக்கிறது என்று புணே போலீஸ் சொன்னது. நாடெங்கும் வக்கீல்கள், பேராசிரியர்கள், கவிஞர்கள், தொழிற்சங்கத்தினர் வீடுகளில் சோதனை நடந்தது. 2018 ஆகஸ்ட் 28இலும் 2019 ஜூன் 12இலும் பகாய்ச்சாவுக்கு வந்தார்கள். மகாராஷ்டிரத்தில் ஆட்சி மாறியதும், 2020 ஜனவரியில் வழக்கை ஒன்றிய அரசின் என்.ஐ.ஏ. எடுத்துக்கொண்டது. அந்தக் கூட்டத்துக்கே போகாத, தன் வாழ்நாளில் பீமா கோரேகானுக்குப் போனதே இல்லை என்று சொன்ன முதியவர் அந்த வழக்கில் 16ஆவதாகக் கைதானார்.

பார்க்கின்சன் நோய் அவருக்கு முற்றியிருந்தது. கை நடுக்கத்தில் டம்ளரைப் பிடித்துக் குடிக்க முடியாது. நவி மும்பையின் தலோஜா சிறையில் உறிஞ்சுகுழலும் மூடி போட்ட குவளையும் வேண்டும் என்று நவம்பரில் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். பதில் சொல்ல 20 நாள் அவகாசம் கேட்டது என்.ஐ.ஏ. அவகாசம் முடிந்து வந்து, கைது செய்தபோது அப்படி எதையும் நாங்கள் எடுக்கவில்லை என்றது. ஒரு குழலுக்காக ஒரு கிழவர் மாதம் முழுக்கக் காத்திருந்தார்.

சிறையிலிருந்து அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் தன் கஷ்டத்தைவிட மற்றவர்களைப் பற்றிய செய்திகளே அதிகம். சக கைதி அருண் ஃபெரேரா தனக்குச் சாப்பிட உதவுகிறார், வெர்னன் கொன்சால்வஸ் குளிக்க உதவுகிறார், ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்த இன்னும் இரண்டு கைதிகள் துணி துவைத்துத் தருகிறார்கள், முழங்காலைப் பிடித்துவிடுகிறார்கள் என்று எழுதினார். நூறு நாள் சிறைவாசத்தைக் கடந்தபோது எழுதிய கடிதத்தில், தங்கள்மீது என்ன வழக்கு என்றே தெரியாமல், குற்றப்பத்திரிகையைக் கண்ணால் பார்க்காமல் வருடக்கணக்கில் கிடப்பவர்களைப் பற்றிச் சொன்னார். ஜார்க்கண்டில் 102 பேரிடம் விட்ட இடத்திலிருந்து, உள்ளே இருந்தபடியே கணக்கெடுப்பைத் தொடர்ந்திருக்கிறார்.

2021 மார்ச் 22 அன்று சிறப்பு நீதிமன்றம் ஜாமீனை மறுத்தது. மே 21 அன்று காணொலியில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முன் தோன்றினார். எட்டு மாதம் முன்பு வந்தபோது தானே நடக்கவும் குளிக்கவும் கொஞ்சம் எழுதவும் முடிந்தது, இப்போது ஒவ்வொன்றாகப் போகிறது, யாராவது ஊட்டிவிட வேண்டியிருக்கிறது என்று நீதிபதிகளிடம் சொன்னார். அரசு மருத்துவமனைக்குப் போகச் சம்மதமா என்று கேட்டதற்கு, வேண்டாம், இங்கேயே செத்துப்போகிறேன், முடிந்தால் என் மக்களிடம் என்னை விடுங்கள் என்றார். சில நாள் கழித்து, நீதிமன்ற உத்தரவுப்படி மும்பையின் ஹோலி ஃபேமிலி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே எடுத்த பரிசோதனையில் கொரோனா தெரிந்தது. ஜூலை 5 அன்று ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தபோது, மருத்துவர் எழுந்து அவர் இறந்துவிட்டதை நீதிபதிகளிடம் தெரிவித்தார்.

செத்த பிறகும் விடவில்லை. அவருடைய பணிமீது எங்களுக்கு மிகுந்த மரியாதை உண்டு என்று நீதிபதி எஸ்.எஸ்.ஷிண்டே விசாரணையின்போது வாய்மொழியாகச் சொன்னார். என்.ஐ.ஏ. ஆட்சேபித்தது. சில நாளில் அந்த வார்த்தைகளை நீதிபதி திரும்பப் பெற்றுக்கொண்டார். இறந்த முதியவரைப் பற்றிய ஒரு நல்ல வார்த்தைகூடப் பதிவில் இருக்கக் கூடாது என்று ஓர் அரசு அமைப்பு மெனக்கெட்டதை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை.

கணினிக்குள் புகுந்தவர் யார்?

வழக்கின் ஆதாரம் என்பது பெரும்பாலும் கணினிகளிலிருந்து எடுத்த கடிதங்கள். அமெரிக்காவின் பாஸ்டனைச் சேர்ந்த ‘ஆர்சனல் கன்சல்டிங்’ என்ற தடயவியல் நிறுவனத்திடம் அந்தக் கணினிகளின் நகல்களைப் பிரதிவாதிகள் தரப்பு கொடுத்தது. அதே வழக்கில் கைதான ரோனா வில்சனின் கணினிக்குள் யாரோ வெளியிலிருந்து புகுந்து கோப்புகளைப் போட்டிருப்பதாக 2021 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. ஸ்டேன் சாமியின் கணினியைப் பற்றிய அறிக்கை 2022 டிசம்பரில் வந்தது. அவர் இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. 2014இலிருந்தே அவர் கணினி பிறர் கட்டுப்பாட்டில் இருந்தது, அவர்மீது குற்றம் சாட்டக் காட்டிய கோப்புகளை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை, 2019 ஜூன் 11 அன்று ஊடுருவியவர் தன் தடயங்களை அழித்தார் என்றது அறிக்கை. ஜூன் 12 காலையில்தான் போலீஸ் வந்து கணினியை எடுத்துப்போனது. சோதனை நடக்கப்போவது முந்தைய நாளே அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது?

இந்த அறிக்கைகளை என்.ஐ.ஏ. ஏற்கவில்லை. சரி, நீதிமன்றத்தில் சோதித்துப் பார்த்திருக்கலாமே. அதற்கு விசாரணை நடக்க வேண்டும். அதைத்தான் நடத்தவில்லை.

நிலமும் கூலியும் ஒரே வழக்கில்

அந்தக் குற்றப்பத்திரிகையில் இருக்கும் மற்றப் பெயர்களையும் பாருங்கள். சுதா பரத்வாஜ் அமெரிக்காவில் பிறந்தவர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் கணிதம் படித்துவிட்டு, அமெரிக்கக் குடியுரிமையை விட்டுவிட்டுச் சத்தீஸ்கரின் தல்லி ராஜ்ஹரா இரும்புச் சுரங்கத் தொழிலாளர்களிடம் போனவர். சங்கர் குஹா நியோகி கட்டிய சங்கம் அது. ஒப்பந்தத் தொழிலாளிகள் தங்கள் காசில், தங்கள் உழைப்பில் ஒரு மருத்துவமனையையே எழுப்பிய சங்கம். பிலாய் ஆலைத் தொழிலாளர்களின் கூலிக்காகப் போராடிய நியோகியை 1991 செப்டம்பர் 28 அன்று, தூங்கிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொன்றார்கள். மறு ஆண்டு ஜூலை 1 அன்று தண்டவாளத்தில் உட்கார்ந்து போராடிய தொழிலாளர்கள்மீது போலீஸ் சுட்டதில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நியோகி வழக்கில் தொழிலதிபர்கள் விடுதலையானார்கள். கூலிக்குச் சுட்டவன் மட்டும் தண்டனை பெற்றான்.

சங்கத்துக்கு வக்கீல் வைக்கக் காசில்லை என்பதால் நாற்பது வயதில் சுதாவே வக்கீலானார். சிமெண்ட் ஆலை ஒப்பந்தத் தொழிலாளர், நிலம் இழந்த விவசாயிகள், ஆதிவாசிகள் எல்லோருக்கும் பிலாஸ்பூர் உயர் நீதிமன்றத்தில் வாதாடினார். விசாரணைக் கைதிகளுக்கான குழுவொன்றை ஸ்டேன் சாமியோடு சேர்ந்து அமைத்தவரும் அவர்தான். மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார். இன்னொருவர் மகேஷ் ராவுத். கட்சிரோலியில் கிராம சபைகளோடு வன உரிமைக்காகவும் பீடி இலைக்கு நல்ல விலைக்காகவும் வேலை செய்த இளைஞர். நிலத்தைக் காத்தவர், கூலியைக் கேட்டவர், இருவருக்கும் கோர்ட்டில் நின்றவர் என்று மூன்று தரப்பையும் ஒரே வழக்கில் கட்டிப்போட்டார்கள். இதைத் தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இவ்வளவையும் சாத்தியமாக்கியது ‘உபா’ என்கிற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் 43டி(5) பிரிவு. போலீஸ் தரும் காகிதங்களைப் பார்த்தால் குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மைபோல் தோன்றுகிறது என்றாலே ஜாமீன் இல்லை. அந்தக் காகிதங்களை இந்தக் கட்டத்தில் ஆழமாக ஆராயக் கூடாது என்று 2019இல் வட்டாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் கதவை இன்னும் இறுக்கியது. அப்படியானால் தீர்ப்பு வரும்வரை, அது எத்தனை வருடமானாலும், சிறைதான். 2016 முதல் 2020 வரை இந்தச் சட்டத்தில் 24,134 பேர்மீது வழக்கு, தண்டனை பெற்றவர்கள் 212 பேர் என்கிறது ஒன்றிய அரசே வெளியிட்ட கணக்கு. தண்டிக்க இந்தச் சட்டத்துக்குத் தீர்ப்பே தேவைப்படவில்லை.

நம் கையிலும் கறை

இந்தப் பிரிவைக் கொண்டுவந்தது மோடி அரசு அல்ல. மும்பைத் தாக்குதலையடுத்து 2008 டிசம்பரில், என்.ஐ.ஏ.வை உண்டாக்கிய மசோதாவோடு சேர்த்து இதையும் நாடாளுமன்றத்தில் முன்வைத்தவர் அன்றைய உள்துறை அமைச்சர், சிவகங்கை எம்.பி. ப.சிதம்பரம். தி.மு.க. அந்தக் காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில் பங்கு வகித்தது. ஸ்டேன் சாமிக்காகப் பின்னாளில் காங்கிரஸும் தி.மு.க.வும் கண்ணீர் வடித்தன. அந்த வருத்தம் உண்மையானதாகவே இருக்கட்டும். ஆனால் அவரைக் கொன்ற கருவி எங்கிருந்து வந்தது என்பதையும் அவர்கள் சொல்லியாக வேண்டும்.

தமிழ்நாட்டில் உபா இல்லாவிட்டால் குண்டர் சட்டம். சாராயம் காய்ச்சுவோரையும் ரவுடிகளையும் ஒரு வருடம்வரை விசாரணையின்றி அடைக்க 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது அது. 2017இல், எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை எதிர்த்த நெடுவாசல், கதிராமங்கலம் விவசாயிகளுக்கு ஆதரவாகத் துண்டறிக்கை கொடுத்த சேலம் மாணவி வளர்மதிமீது அ.தி.மு.க. அரசு அதைப் பாய்ச்சியது. உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2023 நவம்பரில், செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் தர மறுத்து மேல்மாவில் நூறு நாளுக்கு மேல் போராடியவர்களில் ஏழு பேர்மீது தி.மு.க. அரசு அதே சட்டத்தைப் பாய்ச்சியது. ஊரே கொந்தளித்த பிறகு முதலில் ஆறு பேர்மீது மட்டும் கைவிட்டது. ஆட்சி மாறினாலும் அதிகாரிகளின் மேசையில் அதே கோப்பு, அதே வார்த்தைகள்: வெளியூர்க்காரர் தூண்டிவிடுகிறார். ஜார்க்கண்டில் ஸ்டேன் சாமியைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள்.

தர்மபுரி மாவட்டம் நெக்குந்தியில் தனியார் நிலத்தில் ஸ்டேன் சாமிக்கு ஒரு நினைவுக் கல் வைக்க முயன்றதற்கே தாசில்தார் தடை நோட்டீஸ் கொடுத்தார். சென்னை உயர் நீதிமன்றம்வரை போய்த்தான் அந்த நோட்டீஸை ரத்து செய்ய முடிந்தது.

பீமா கோரேகான் வழக்கில் முதல் கைது நடந்து ஏழு ஆண்டுகள் கழிந்து, 2025இலும் சாட்சி விசாரணை தொடங்கவில்லை. ஓட்டுக் கேட்டு உங்கள் வாசலுக்கு வரும் வேட்பாளர் எந்தக் கட்சிக்காரராகவும் இருக்கட்டும். 43டி(5) பிரிவை நீக்க நாடாளுமன்றத்தில் கை தூக்குவீர்களா, நிலத்துக்காகப் போராடுகிறவர்மீது குண்டர் சட்டத்தைப் போட மாட்டோம் என்று எழுதித் தருவீர்களா என்று அவரிடம் கேளுங்கள். பதில் சொல்லாதவருக்கு ஓட்டுப் போடாதீர்கள்.